எண் சொல்வதும் கருவி செய்வதும்

(மேலூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அது இலக்கியத்தையோ சமயத்தையோ சரித்திரத்தையோ பற்றியதாக இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை மீறி, ஒரு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து கட்டி எடுக்க முற்படும்போது, 'உமது கம்பைலர் பழையது; மேலே செல்ல இயலாது' என்று கணினி கைவிரித்துவிடுகிற அந்த ஒரு சிறு சங்கடத்தை மட்டும் பேசுபொருளாக எடுத்துக்கொண்டு நான் வந்திருப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது என்பதையும், அதிலேதான் இவ்வட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் கம்பைலர் என்ற ஒன்றை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, இதைப் பேசுவதற்கு மேலூரைவிடத் தகுந்த இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இறக்கிக்கொண்ட நிரலொன்று கட்டப்படாமல் பாதியில் நின்றுபோனதைக் கண்டு, குறை தம்முடைய அறிவில்தான் என்று எண்ணி, கணினியை மூடிவைத்துவிட்ட மாணவர்களை நான் ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் விஷயத்தில், உண்மையான குறை, நிரலுக்கும் கம்பைலருக்கும் நடுவே நின்று பதிப்பு எண்ணைப் பரிசோதித்த நாலைந்து வரிகளில் இருந்தது. அவ்வரிகள் எவ்வாறு தவறுகின்றன, தவறினால் எங்கே சென்று தேடுவது என்பதே இன்றைய விஷயம்.

தெரிந்தவர்கள் பொறுத்தருள, தெரியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் நிறைவேற்றத்தக்க கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசி அவற்றுள் மிகப் பரவலாக வழங்குவது. 2015-ல் 5 என்ற பெரும்பதிப்பு வந்தது முதல், ஆண்டுக்கு ஒன்றாக அதன் எண் ஏறிக்கொண்டே வருகிறது. நிரலை எழுதியவர் ஓர் ஆண்டில் ஒரு கம்பைலரை வைத்துக்கொண்டு எழுதுகிறார். அதைக் கட்டுகிறவரோ வேறோர் ஊரில், பத்தாண்டு கழித்து, வேறொரு கம்பைலரை வைத்திருக்கிறார். இவ்விருவரையும் இணங்கவைக்கும் பொருட்டு ஏற்பட்டதே, பில்டு, அதாவது நிரலைக் கட்டும் வேலை, தொடங்குமுன் ஓடுகிற 'கான்ஃபிகர்' என்னும் ஸ்கிரிப்ட். குனு திட்டத்து நிரல்கள் பலவற்றைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சி என்பவர், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியே, கட்டும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்த நிலையிலிருந்து விடுபட விரும்பி, 1991-ல் ஆட்டோகான்ஃப் என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஆக்கித் தருவது அக்கருவியே. சீமேக், மேசான் முதலிய பிற கருவிகள் பின்னர் வந்து பெருவழக்குப் பெற்றுவிட்டபோதிலும், அவை கேட்கிற கேள்விகளின் இயல்பு மாறிவிடவில்லை.

கேட்கும் முறை இரண்டு. கம்பைலரைப் பார்த்து 'உன் பதிப்பு எண் என்ன?' என்று வினவி, அது சொல்லும் எண்ணைப் பிரமாணமாகக் கொண்டு, 'இன்ன எண்ணுடையதாதலின் இன்ன ஆற்றல் இதற்கு இருக்கும்' என்று அனுமானிப்பது ஒன்று. நாலு வரியில் ஒரு சிறு நிரலை எழுதி, அதைக் கம்பைலரிடமே கொடுத்து, ஏற்கிறதா மறுக்கிறதா என்று பிரத்தியட்சமாகக் கண்டுகொள்வது மற்றொன்று. இந்த வேற்றுமையை விளங்கிக்கொள்ள மேலூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி என்று இவ்வூரைச் சுற்றியுள்ள குன்றுகளிலெல்லாம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கவில்லை. 1882-ல் ராபர்ட் சுவெல் கவனத்துக்கு வந்த மாங்குளக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்ற அரசன் பெயர் இருப்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் வாசிப்பால் 1960-களில் தெளிவாயிற்று. ஆனால் நெடுஞ்செழியன் என்ற பெயர் பூண்ட பாண்டியர் ஒருவர் அல்லராதலின், பெயரை மட்டும் கொண்டு காலத்தை நிர்ணயித்துவிட முடியாது. ஆகவே ஆராய்ச்சியாளர் எழுத்தையே கேட்கிறார்கள்: மெய்யின் மேல் புள்ளி இடும் வழக்கம் இதில் உண்டா? அகரம் ஏறிய மெய்க்கும் ஆகாரம் ஏறிய மெய்க்கும் ஒரே குறியா, வெவ்வேறு குறியா? மகாதேவன் தமிழ்ப் பிராமியை மூன்று முறைகளாக வகுத்தது இத்தகைய கேள்விகளின் விடைகளைக் கொண்டுதான். கல்வெட்டு தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பது ஒரு சாட்சி. அதன் எழுத்து எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது வேறொரு சாட்சி. பின்னதற்கே வலிமை அதிகம்.

பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற இந்தச் சிக்கல் கம்பைலர் உலகிலும் அப்படியே இருக்கிறது. கிளாங் என்னும் கம்பைலர், ஜிசிசிக்கென்று எழுதப்பட்ட நிரல்கள் தன்னிடமும் ஓட வேண்டும் என்ற நோக்கத்தால், ஜிசிசி தன்னை அடையாளங்காட்டப் பயன்படுத்தும் மேக்ரோக்களைத் தானும் வைத்துக்கொண்டு, 4.2.1 என்ற எண்ணைச் சொல்லிக்கொள்கிறது. ஆண்டுகள் பல சென்று, உண்மையான ஜிசிசி 14, 15 என்று போய்விட்ட பின்னரும் அது 4.2.1 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. 'ஜிசிசி 4.3-க்கு மேற்பட்டதாயின் இந்த வசதியைப் பயன்படுத்து' என்று ஒரு ஹெடர் கோப்பில் எழுதிவைத்தால், அந்த வசதியைப் பூரணமாக உடைய நேற்றைய கிளாங்குக்கும் அது கிட்டாது. பிழைச் செய்தி ஒன்றும் வராது. நிரல் மெதுவாக ஓடும், அல்லது அவ்வசதி இல்லாமலே கட்டப்படும். ஏனென்று ஒருவருக்கும் தெரியாது. இக்காரணம் பற்றியே, எண்ணைக் கேளாமல் 'இந்தப் பண்பு உன்னிடம் உண்டா?' என்று நேரே கேட்கத்தக்க மேக்ரோக்களைக் கிளாங் ஏற்படுத்திற்று. ஜிசிசியும் 5-ஆம் பதிப்பிலும் 10-ஆம் பதிப்பிலுமாக அவற்றுள் முக்கியமானவற்றை ஏற்றுக்கொண்டது.

இனி, எண் உண்மையாகவே சொல்லப்பட்டாலும் அதை ஒப்பிடும் முறையில் நேரும் தவறுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் மிகவும் சுவையாக இருக்கிறது. 10 பெரிதா 9 பெரிதா என்று கேட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை விடை சொல்லிவிடும். ஆனால் ஷெல் ஸ்கிரிப்டில் இவ்விரண்டையும் எண்களாகக் கொள்ளாமல் எழுத்துத் தொடர்களாகக் கொண்டு ஒப்பிட்டால், முதல் எழுத்தாகிய 1, 9-க்கு முந்தியதாகலின், 10 சிறியது என்று தீர்ப்பாகிவிடும். ஒற்றை இலக்கத்தில் பதிப்புகள் வழங்கிய நெடுங்காலம் இத்தகைய தவறு வெளியில் தெரியாமல் உறங்கிக் கிடந்தது. 2011-ல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் வளர்ச்சிக் கிளை 10 என்ற எண்ணை ஏற்றுக்கொண்ட அன்று அது விழித்துக்கொண்டது. ஆட்டோகான்ஃபின் உடன்பிறப்பான லிப்டூல் என்னும் கருவியில், 1993-ல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 1 வரிசையைக் குறிக்கும் பொருட்டு, 'ஃப்ரீபிஎஸ்டி1' என்றெழுதி அதன்பின் ஒரு நட்சத்திரக் குறி இட்டிருந்தார்கள். ஒன்றுக்குப் பிறகு எது வந்தாலும் பொருந்தும் என்பது அதன் அர்த்தம். பத்தும் ஒன்றில்தானே தொடங்குகிறது! ஆகவே அன்றைய மிகப் புதிய இயங்குதளம் மிகப் பழைய இயங்குதளமாகக் கருதப்பட்டு, 'இதற்குப் பகிர்வு நூலகங்களை ஏற்றும் திறன் கிடையாது' என்ற முடிவோடு ஆயிரக்கணக்கான நிரல்கள் தம்மைக் கட்டிக்கொள்ள முற்பட்டன. எல்லாக் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளையும் திருத்தி முடிக்கும்வரை, இயங்குதளத்தின் எண்ணை 9.9 என்று பொய்யாகச் சொல்லச் செய்வதே தற்காலிக உபாயமாகச் சொல்லப்பட்டது. உண்மை சொன்னதால் கெட்ட காரியம் பொய் சொன்னால் சரியாகிறது என்றால், கேள்வியிலே கோளாறு இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

இதைவிடவும் தூய உதாரணம் ஒன்று உண்டு. லினக்ஸ் இயந்திரங்களின் அடித்தளமாகிய ஜிலிப்சி என்னும் சி நூலகத்தின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், கம்பைலர், அசெம்பிளர், மேக் முதலிய கருவிகளின் பதிப்பு எண்களைச் சோதிக்கும். மேக் என்னும் கருவிக்கு 3.79 முதல் 3.8, 3.9 என்று தொடங்குவன வரை ஏற்கத்தக்கவை என்று அதில் எழுதியிருந்தது. 2013 அக்டோபரில் குனு மேக் 4.0 வெளிவந்தது. அதை நிறுவிக்கொண்டவர்கள் ஜிலிப்சியைக் கட்ட முற்பட்டபோது கிடைத்த செய்தி, 'இன்றியமையாத இந்த நிரல் இல்லை, அல்லது மிகப் பழையது: மேக்' என்பதாகும். அன்று உலகத்திலிருந்த மிகப் புதிய மேக்கைப் பார்த்துத்தான் அவ்வாறு சொல்லிற்று! ஸ்கிரிப்டை எழுதியவர் அறிவீனர் அல்லர். அவர் எழுதிய காலத்தில் 4 என்ற எண்ணே பிறக்கவில்லை. 'நான் அறிந்த பட்டியலில் உள்ளவை நல்லவை' என்று அவர் எழுதினார். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் அது பழையது என்ற பொருள் தானாகவே அதற்குள் வந்து புகுந்துகொண்டது. ஒரு பதிப்புச் சோதனையை நான் படிக்கும்போதெல்லாம் முதலில் பார்ப்பது அது ஏற்கும் எண்களையும் அன்று, மறுக்கும் எண்களையும் அன்று. தான் அறியாத எண் ஒன்று வந்து நின்றால் அது என்ன செய்யும் என்பதையே பார்க்கிறேன். எழுதப்பட்ட மறுநாள் முதல் அச்சோதனை எதிர்கொள்ளப் போவதெல்லாம் அறியாத எண்களையே.

எண்ணைக் கேட்கும் முறை எப்பொழுதும் பிழையானது என்று இதனால் பெறப்படுவதாகக் கொள்ள வேண்டா. அதற்கும் நியாயமான இடம் உண்டு. ஜிசிசி 4.8.0 முதல் 4.8.2 வரையிலான பதிப்புகள், ஏஆர்எம் வகைச் செயலிகளுக்கு லினக்ஸ் கெர்னலைத் தவறாக மொழிபெயர்த்தன. நிரல் எவ்வித முணுமுணுப்புமின்றிக் கட்டப்பட்டுவிடும், ஓடவும் ஓடும், பின்னொரு நாள் வட்டிலுள்ள கோப்புகள் சிதைந்திருக்கக் காணலாம். இத்தகைய கேட்டை ஒரு சிறு சோதனை நிரலால் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே கெர்னலார், அந்தப் பதிப்புகளைக் கண்டால் பில்டை நிறுத்திவிடுமாறு ஒரு வரியைச் சேர்த்து, 'உமது கம்பைலரில் பிழை மிகுதி. இது கெர்னலைக் கெடுக்கும்' என்று காரணத்தையும் பளிச்சென்று எழுதினார்கள். கவனியுங்கள்: கீழெல்லையும் உண்டு, மேலெல்லையும் உண்டு, 4.8.3 முதல் சோதனை வழிவிட்டுவிடும். அறிந்த தீமையைப் பெயர் சொல்லித் தடுத்து, அறியாததை உள்ளே விடும் சோதனை அது. ஜிலிப்சியின் மேக் சோதனையோ அறிந்த நன்மையைப் பெயர் சொல்லி ஏற்று, அறியாததைத் தள்ளியது.

எண் சாட்சியே குழம்பிப்போன சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 2000 செப்டம்பரில் ரெட் ஹேட் லினக்ஸ் 7 வந்தபோது, அதனுடன் 2.96 என்ற எண்ணுடைய ஜிசிசி வந்தது. ஆனால் 2.96 என்றொரு பதிப்பைத் தாங்கள் வெளியிடவே இல்லை, அது வளர்ச்சிக் கட்டத்தில் எடுத்த நகல் என்று ஜிசிசியின் வழிநடத்தும் குழு அறிக்கை விட்டது. எம்பிளேயர் என்னும் காணொளி நிரலின் கான்ஃபிகர் அந்த எண்ணைக் கண்டால் ஓட மறுத்துவிடும். மீறிச் செல்ல விரும்புவோருக்கு, 'கம்பைலர் சோதனையை விட்டுவிடு' என்ற தெரிவு ஒன்றும் வைத்திருந்தார்கள். அம்மறுப்பு நியாயமா என்று அன்று நடந்த வாதப் பிரதிவாதங்கள் கொஞ்சமல்ல. என் அபிப்பிராயம், மறுக்கும் சோதனை எதற்கும் அப்படியொரு புறவழி அவசியம் என்பதே. மறுப்பு தவறாக இருக்கும் நாளில் பயனர் ஸ்கிரிப்டையே வெட்டித் திருத்த வேண்டிய நிர்ப்பந்தம் அதனால் நீங்குகிறது.

இதுகாறும் சொன்னவற்றைக் கேட்டு, 'அப்படியாயின் சோதனை நிரலை ஓட்டிப் பார்ப்பதே பத்திரமான வழி' என்று ஒரு மாணவர் முடிவு கட்டியிருப்பார். அவருக்கு 2024-ஐ நினைவூட்ட வேண்டும். அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14, முன்னறிவிப்பின்றி ஒரு ஃபங்ஷனை அழைப்பதையும், வகை குறிப்பிடாமல் அறிவிப்பதையும், வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடாமல், பிழையாகவே கொள்ளத் தொடங்கியது. கிளாங் 16 அதற்கு முந்திய ஆண்டே அவ்வாறு செய்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆக்கப்பட்ட கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளுக்குள் இருக்கும் சோதனை நிரல்களைப் பார்த்தால், தலைப்பில் வகை இல்லாத 'மெயின்' என்றும், ஹெடர் எதையும் சேர்க்காமல் அழைத்த 'எக்ஸிட்' என்றும் இருக்கும். புதிய கம்பைலர் அவற்றை ஏற்காது. ஏற்காத காரணம் சோதனை நிரலின் பழைய நடை. ஆனால் கான்ஃபிகர் செய்துகொள்ளும் அனுமானம் 'இந்த இயந்திரத்தில் இந்த வசதி இல்லை' என்பது. பில்டு நிற்காது; வசதி ஒன்று குறைந்த நிரல் அமைதியாகக் கட்டப்பட்டு வெளியே வரும். நின்றுபோகும் பில்டைவிட இத்தகைய பில்டு கொடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரத்தியட்சமும் பார்க்கிறவனுடைய கண்ணைப் பொறுத்தது என்று நம் தருக்க நூலார் ஐயக் காட்சி, திரிவுக் காட்சி என்றெல்லாம் வகுத்துவைத்ததன் அருமை இத்தகைய இடங்களில் புலப்படுகிறது.

சரி, பில்டு நின்றுவிட்டது; அல்லது விசித்திரமான முடிவைத் தந்துவிட்டது. எங்கே தேடுவது? கான்ஃபிகர் ஓடிய அடைவிலேயே 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு ஒன்று இருக்கும். திரையில் வருவது ஒரு வரித் தீர்ப்பு. இந்தக் கோப்பில் இருப்பது விசாரணை முழுவதும். ஒவ்வொரு சோதனைக்கும், எந்தக் கம்பைலரை எந்தத் தெரிவுகளோடு அழைத்தது என்ற கட்டளை வரி, அது உமிழ்ந்த செய்திகள், திரும்பத் தந்த எண், தோல்வியுற்றிருந்தால் 'தோற்ற நிரல் இது' என்ற குறிப்பின் கீழ், ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு செங்குத்துக் கோடு இட்டு அந்தச் சோதனை நிரலின் முழு வாசகம் ஆகிய யாவும் அதில் இருக்கும். கோப்பின் கடைசியிலிருந்து மேலே ஏறுகிறவர்களுக்கு முதலில் தென்படுவது மாறிகளின் நீண்ட பட்டியல். அதைக் கண்டு திகைத்துத் திரும்பிவிடாமல், அதற்கும் மேலே சென்றால்தான் தோல்வி நிகழ்ந்த இடம் கிட்டும். 'சி கம்பைலரால் இயங்கும் கோப்பை உண்டாக்க முடியவில்லை' என்று திரையில் வரும் பிரசித்தமான செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்தவுடன் கம்பைலரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களே அதிகம். லாக்கைத் திறந்து பார்த்தால், கம்பைலர் தன் பங்கைச் செவ்வனே செய்து முடித்திருக்க, இறுதியில் துண்டுகளை இணைக்கும் லிங்கர் வந்து 'சிஆர்டி1.ஓ என்ற கோப்பைக் காணவில்லை' என்று சொல்லியிருப்பது தெரியும். அக்கோப்பு சி நூலகத்தின் வளர்ச்சிப் பொதியில் இருப்பது. டெபியன் வழிவந்த போஸிலோ உபுண்டுவிலோ 'பில்டு-எசென்ஷியல்' என்ற பொதியை நிறுவினால் காரியம் முடிந்தது.

அந்தக் கட்டளை வரியை ஊன்றிப் பார்ப்பதால் வேறொரு லாபமும் உண்டு. ஒரே இயந்திரத்தில் இரண்டு மூன்று ஜிசிசிகள் இருப்பது இக்காலத்தில் சகஜம். புதியதை நிறுவிவிட்டு, டெர்மினலில் அதன் எண்ணையும் சரிபார்த்துவிட்டு, 'இன்னும் பழையது என்கிறதே!' என்று வியப்பவர்கள், கான்ஃபிகர் அழைத்தது எதை என்று பார்த்திருக்க மாட்டார்கள். சீமேக்கின் விஷயத்தில் இது இன்னும் கடுமை: முதல் தடவை கண்டுகொண்ட கம்பைலரின் இருப்பிடத்தை அது தன் கேஷ் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு சூழல் மாறியை எத்தனை முறை மாற்றினாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். பில்டு அடைவை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே அதற்குப் பரிகாரம். எண்ணை அறிவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: பதிப்பு எண்ணை மட்டும் அச்சிடச் சொன்னால், டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் ஜிசிசி 7 முதற்கொண்டு பெரும்பதிப்பு எண் ஒன்றே வரும், முழு எண் வேண்டுமானால் அதற்கென்று ஏற்பட்ட தனித் தெரிவைத் தர வேண்டும். மூன்று பகுதிகளை எதிர்பார்த்து ஒரே பகுதியைப் பெற்ற ஸ்கிரிப்டுகள் சில, மற்றவற்றைச் சூன்யமாக எண்ணிக்கொண்டு, தேவையை எட்டிய கம்பைலரை எட்டாததாகச் சொல்லும்.

இறுதியாக, நம் மாநிலத்தோடு நேரே சம்பந்தப்பட்ட ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' செயலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் அதன் சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையிலும், மற்றொன்று சண்டிகரையடுத்த மொகாலியிலுள்ள அரசாங்கக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் ஆக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கென்று ஆக்கிய 'ஐரிஸ்' சில்லு அறிவிக்கப்பட்டது. இச்செயலிகள் பேசும் கட்டளைத் தொகுதி ரிஸ்க்-வி. பெர்க்லியில் 2010-ல் பிறந்து, எவரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தத்தக்கதாக விடப்பட்டது. சக்தியில் ஒரு சிறு நிரலை ஓட்ட வேண்டுமானால், மெயினுக்கு முன்னரே ஓடும் தொடக்க நிரல் ஒன்று வேண்டும். இடையீடு வந்தால் எங்கே செல்வது முதலானவற்றைச் செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களில் எழுதிவைப்பது அதன் வேலை. அப்பதிவகங்களைப் படிக்கவும் எழுதவும் ஏற்பட்ட கட்டளைகள், முற்காலத்தில் 'ஐ' என்ற ஒற்றை எழுத்தால் குறிக்கப்படும் அடிப்படைத் தொகுதிக்குள்ளேயே அடங்கியிருந்தன. 2019-ல் வெளியான விவரக்குறிப்பு, அவற்றை வெளியே எடுத்து 'ஸிசிஎஸ்ஆர்' என்றும், வேறொரு கட்டளையை 'ஸிஃபென்ஸ்-ஐ' என்றும் தனித் தொகுதிகளாகப் பெயரிட்டது. ஆவணத்தில் நிகழ்ந்த இந்தப் பாகப்பிரிவினை, கருவிகளை வந்தடைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று: 2022 பிப்ரவரியில் வந்த பைனூட்டில்ஸ் 2.38, புதிய விவரக்குறிப்பைத் தன் இயல்பு நிலையாக ஏற்றுக்கொண்டது.

அன்றுவரை ஒழுங்காகக் கட்டப்பட்டுவந்த நிரல்கள், மேற்சொன்ன பதிவகங்களைப் படிக்கும் 'சிஎஸ்ஆர்ஆர்' என்ற கட்டளையை அறியேன் என்ற பிழையோடு நின்றன. இதிலே கவனிக்க வேண்டியது, பைனூட்டில்ஸ் என்பது, கம்பைலர் தரும் அசெம்பிளி வடிவத்தை இயந்திரக் கட்டளையாக்கும் அசெம்பிளரும், லிங்கரும் அடங்கிய தொகுப்பு என்பதும், அது கம்பைலரன்று என்பதுமாகும். ஜிசிசியின் எண் மாறவில்லை. அதைச் சோதித்த ஸ்கிரிப்டுகள் யாவும் 'சரி' என்றன. இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது கம்பைலரின் பின்னால் நின்ற அசெம்பிளர் மாத்திரம் மாறிவிட்டிருந்தது. பரிகாரம் எளிது: கம்பைலருக்குத் தரும் கட்டமைப்புப் பெயரின் வாலில் அவ்விரண்டு தொகுதிகளின் பெயர்களையும் வெளிப்படையாகச் சேர்த்துவிட வேண்டும். ஆனால் சேர்த்துவிட்டால், அப்பெயர்களை அறியாத பழைய கம்பைலர்கள் அந்த வாலையே பிழை என்று தள்ளும். புதியவற்றுக்கு அவசியமானது பழையவற்றுக்கு விரோதமாகிறது. எனவே எண்ணைக் கேட்பதா, செய்து பார்ப்பதா என்ற கேள்வி இங்கே ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல், அன்றாடம் பதில் சொல்லித் தீர வேண்டிய கேள்வியாயிற்று.

லினக்ஸ் கெர்னலார் முதலில் எடுத்துக்கொண்டது செய்து பார்க்கும் வழி. பெயர்களைச் சேர்த்து, வெறும் கோப்பு ஒன்றைக் கம்பைலரிடம் கொடுத்து, அது ஏற்றுக்கொண்டால் சேர்ப்பது, இல்லையேல் விட்டுவிடுவது என்று 2022-ல் எழுதினார்கள். ஓராண்டுக் காலம் அது போதுமானதாக இருந்தது. பிறகு கிளாங்கையும் பைனூட்டில்ஸிலுள்ள குனு அசெம்பிளரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பில்டு முறிந்தது. 17-க்கு முற்பட்ட கிளாங்குகள் அந்தப் பெயர்களை அறியா, ஆகவே சோதனை 'இல்லை' என்றது, பெயர்கள் சேர்க்கப்படவில்லை, அப்பால் வேலை குனு அசெம்பிளரிடம் போனபோது, புதிய நியதியைக் கைக்கொண்ட அது 'சிஎஸ்ஆர்ஆர் அறியேன்' என்றது. சோதனை கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை முற்றிலும் சத்தியம். ஆனால் கேட்கவேண்டியிருந்தது கம்பைலரும் அசெம்பிளரும் சேர்ந்த கூட்டைப் பற்றி. 2023-ல் கெர்னலார் மறுபடியும் எண்ணுக்குத் திரும்பினார்கள்: கிளாங்கின் எண் 17-க்குக் குறைவாக இருந்து, அசெம்பிளர் குனுவினுடையதாயிருந்தால், பெயர்களைச் சேர்க்காமல், 'பழைய விவரக்குறிப்பின்படியே நடந்துகொள்' என்று அசெம்பிளருக்கு நேராகவே சொல்லிவிடுவது என்பது அவர்கள் கண்ட ஏற்பாடு. சில மாதங்களுக்குள் பழைய ஜிசிசிகளையும் அதே நிபந்தனைக்குள் கொண்டுவந்தார்கள்.

இந்த நிபந்தனையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. எண்கள் பழமையின் பக்கம் மட்டும் எல்லை கட்டுகின்றன. நாளை வரப்போகும் கிளாங் 30-ஐப் பற்றி அந்த வரிகள் ஒன்றும் சொல்வதில்லை, அது தங்குதடையின்றி உள்ளே வரும். எண்ணின் பக்கத்திலேயே, அது ஏன் அங்கிருக்கிறது என்ற விளக்கத்தையும், எந்தத் திருத்தத்தால் 17-ஆம் பதிப்பு விலக்குப் பெற்றது என்ற குறிப்பையும் எழுதிவைத்திருக்கிறார்கள். கெர்னலைக் கட்டத் தேவையான குறைந்தபட்ச ஜிசிசி 2020-ல் 4.9 என்று உயர்த்தப்பட்டபோது, முன்னே நான் சொன்ன 4.8 வரிசைத் தடைக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று. அவ்வாறே குறைந்தபட்சக் கிளாங் 17-ஐ எட்டும் காலத்தில் கிளாங்கைப் பற்றிய இவ்வரிகளுக்கும் வேலையிராது, விளக்கம் உடனிருப்பதால் நீக்குகிறவருக்குத் தயக்கமும் இராது. சக்திக்கு நிரல் எழுத விரும்பும் இவ்வட்டாரத்து மாணவர்கள் தம் மேக்ஃபைலில் இதே சிக்கலைச் சந்தித்தே தீருவார்கள். அப்பொழுது கம்பைலரின் எண்ணோடு அசெம்பிளரின் எண்ணையும் ஒரு தடவை அச்சிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்கிரிப்டைத் தொடும்படி கேட்டுக்கொள்கிறேன்.